கம்பைலர் பேசுகிறது, வந்து கேளுங்க!

ஒரு செமிகோலனைப் பற்றித்தான் முதலில் சொல்லப் போகிறேன். சொல்லாமல் அடக்கி வைத்தால் எனக்குத் தலையே வெடித்துவிடும்.

இப்படி நினைத்துப் பாருங்க. சி மொழியில் வருஷக்கணக்காகக் கை பழகிய ஆள் நீங்க. ரஸ்ட் கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கீங்க. ரொம்பச் சின்னதாக ஒரு ஃபங்ஷன். இரண்டு எண்களை வாங்கிக் கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. உள்ளே ஒரே வரி, 'அ + ஆ'. கை தன் பாட்டுக்குக் கடைசியில் ஒரு செமிகோலனைத் தட்டிவிடுகிறது. கம்பைல் செய்து ஓட்ட 'கார்கோ ரன்' என்று அடித்து என்டரை அமுக்குறீங்க. சிவப்பு எழுத்தில் எர்ரர் வருகிறது. சரி, வழக்கமான தலைவலி என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு படிக்க ஆரம்பிக்குறீங்க, படிக்கப் படிக்க முதுகு நிமிர்கிறது!

எந்த ஃபைல், எந்த வரி, அந்த வரியில் எத்தனையாவது எழுத்து என்று முதலில் வருகிறது. அதன் கீழே நீங்க எழுதிய அதே வரி அப்படியே. 'முழு எண் தருவேன்' என்று நீங்க வாக்குக் கொடுத்த இடத்துக்கு அடியில் ஒரு கோடு போட்டு, இங்கே முழு எண் வரும் என்று பார்த்தேன், வெறும் காலி மதிப்புதான் வந்திருக்கிறது என்கிறது. ஃபங்ஷனின் பெயருக்கு அடியில் இன்னொரு கோடு போட்டு, இதன் உடம்பில் கடைசியாக எந்த மதிப்பும் நிற்கவில்லை, அதனால் தானாகவே காலியைத் திருப்பிக் கொடுக்கிறது என்று காரணம் சொல்கிறது. அதோடு நிற்கவில்லைங்க! அந்த செமிகோலனுக்கு நேர் கீழே, துல்லியமாக அதே இடத்தில் விரல் வைத்த மாதிரி ஒரு குறி, பக்கத்தில் உதவி என்று ஒரு வரி: இந்த செமிகோலனை எடுத்துவிட்டால் மதிப்பு திரும்பிப் போய்விடும். எடுத்தேன். ஓடியது. ரஸ்ட்டில் கடைசி வரியில் செமிகோலன் இல்லாமல் நிற்கும் கோவைதான் ஃபங்ஷனின் விடை, செமிகோலன் போட்டால் அது விடையை விழுங்கிவிடும் என்ற பாடம் ஒரே எர்ரரில் என் எலும்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த எர்ரரை நான் சத்தம் போட்டு வாசித்தேன், வீட்டில் இருந்தவர்களைக் கூப்பிட்டு வைத்து மறுபடியும் வாசித்தேன், ஃபோட்டோகூட எடுத்து வைத்திருக்கிறேன். பிள்ளையின் முதல் பல்லைப் படம் எடுக்காதவன் எர்ரரைப் படம் எடுக்கிறான் என்று வீட்டில் சொன்னார்கள், சொல்லட்டும்!

'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற இரண்டு சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்தவர்களுக்குத்தான் இந்தச் சந்தோஷம் முழுசாகப் புரியும். எங்கே, எதனால், யாரால் என்று எதையுமே சொல்லாமல் செத்து விழும் புரோகிராம்களோடு வாழ்ந்தவனுக்கு, விளக்கிச் சொல்லும் கம்பைலர் கிடைத்தால் என்ன ஆகும்? நான் ஆனதுதான் ஆகும்.

இந்தச் செய்திகள் இப்படித் தற்செயலாக வந்து விழுந்தவை என்று நினைச்சுடாதீங்க. 2016-இல் எல்ம் என்ற மொழியின் அழகான எர்ரர்களைப் பார்த்து ஊக்கம் பெற்று, ரஸ்ட்காரர்கள் தங்கள் எர்ரர்களின் தோற்றத்தையே முழுக்க மாற்றி அமைத்தார்கள். எஸ்டெபன் கூபர் என்று ஒருவர், வருஷக்கணக்காக இந்தச் செய்திகளை ஒவ்வொன்றாக இழைத்து இழைத்துச் சீராக்கியவர்களில் முக்கியமானவர். ஓர் எர்ரர் படிப்பவரைக் குழப்பினால் அதையே ஒரு பக் என்று புகார் கொடுக்கலாம், வாங்கித் திருத்துவார்கள். எர்ரர் குழப்பினால் அது கம்பைலரின் குற்றமாம்! இந்த ஒரு கொள்கைக்காகவே மாலை போடலாம்.

மொழி பிறந்த கதை இன்னும் ஜோர். 2006. கனடாவின் வான்கூவர். கிரேடன் ஹோர் என்ற புரோகிராமர், அப்போது மொசில்லாவில் வேலை, வீட்டுக்கு வருகிறார். லிஃப்ட் ஓடவில்லை. அதை ஓட்டும் மென்பொருள் செத்துப் போயிருக்கிறது, அதுவும் முதல் தடவை அல்ல. அவர் வீடு இருப்பது 21-ஆவது மாடியில்! அத்தனை படிகளையும் ஏறும்போது, லிஃப்டைக்கூடச் சாகாமல் ஓட வைக்க முடியாத நிலையில்தானா நம் தொழில் இருக்கிறது என்ற கோபம் அவருக்குள் ஏறியது. இந்த மாதிரிக் கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள் பெரும்பாலும் சி, சி++ மொழிகளில் எழுதப்பட்டது. வேகமானது, கச்சிதமானது, ஆனால் மெமரியைக் கையாளுவதில் ஒரு சின்னச் சறுக்கல் போதும், மொத்தமும் படுத்துவிடும். அவர் மடிக்கணினியைத் திறந்து ஒரு புது மொழியை வரைய ஆரம்பித்தார். எந்த நிலையிலும் பிழைத்துக்கிடக்கும் ஒருவகைப் பூஞ்சையின் பெயரை அதற்கு வைத்தார். 2009-இல் மொசில்லா அதைத் தத்தெடுத்தது, 2015 மே 15 அன்று 1.0 வெளியானது. படியேறிய ஒரு மனிதரின் மூச்சிரைப்பு இன்று லினக்ஸ் கெர்னலுக்குள் உட்கார்ந்திருக்கிறது, நினைச்சாலே எனக்குச் சிலிர்க்குது!

சரி, இப்போது எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருவோம். ரஸ்ட் கற்கும் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி: "ஒரு ஸ்ட்ரிங்கை ஃபங்ஷனுக்கு அனுப்பினேன், அடுத்த வரியில் அதையே அச்சிடப் பார்த்தால் முடியாது என்கிறதே, ஏன்? என் வேரியபிள்தானே?"

உங்க வேரியபிள் இல்லைங்க, கொடுத்தாச்சு! ரஸ்ட்டில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஓர் உரிமையாளர். வீட்டுப் பத்திரம் மாதிரி. பெயர் மாற்றிப் பதிந்து கொடுத்த பிறகு பழைய சொந்தக்காரர் சாவியோடு வந்து நின்றால் உள்ளே விடுவார்களா? வீட்டைச் சுற்றிப் பார்க்க எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் வரலாம், அது கடன் வாங்கிப் பார்ப்பது. ஆனால் கொத்தனார் சுவரை இடித்துக் கட்டும் நேரத்தில் அவரைத் தவிர உள்ளே யாரும் இருக்கக் கூடாது, அது மாற்றும் உரிமையோடு கடன் வாங்குவது. பார்ப்பவர் பலர், இல்லாவிட்டால் மாற்றுபவர் ஒருவர், இரண்டும் ஒரே நேரத்தில் கிடையாது. இந்தச் சட்டத்தைக் காவல் காக்கும் கம்பைலர் பகுதிக்குப் பெயர் பாரோ செக்கர். இதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் நிறைய. நானோ இதன் பரம ரசிகன்!

அந்த ஸ்ட்ரிங் கேள்விக்குக் காரணமான எர்ரரின் எண் 0382. அதைப் பார்க்கும்போது மூன்று இடங்களைக் கவனிங்க. இங்கேதான் இந்த ஸ்ட்ரிங் உருவானது, இந்த ரகத்துக்குத் தானாக நகல் எடுத்துக்கொள்ளும் குணம் கிடையாது என்று ஒரு கோடு. இங்கே அது கை மாறிப் போனது என்று இன்னொன்று. போன பிறகு இங்கே எடுத்துப் பயன்படுத்துகிறாய் என்று மூன்றாவது. ஒரு துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயம் மாதிரி நடந்தது முழுக்க வரிசையாக விரிகிறது! அதோடு வழியும் சொல்கிறது: அந்த ஃபங்ஷனுக்கு உரிமை அவசியமில்லை என்றால் கடன் வாங்கும்படி மாற்றிக்கொள், இல்லையென்றால் 'க்ளோன்' போட்டு ஒரு நகல் எடுத்துக் கொடு. இன்னும் விவரம் வேண்டுமா? டெர்மினலிலேயே அந்த எண்ணைக் கொடுத்து விளக்கு என்று கேட்டால், எடுத்துக்காட்டுகளோடு ஒரு முழுப் பாடத்தையே கொட்டுகிறது. இணையம்கூட வேண்டாம்!

எண்ணை அனுப்பினால் மட்டும் ஏன் தகராறு வரவில்லை? எண் சின்னது, ஸ்டாக்கில் கிடப்பது, அப்படியே நகல் எடுத்தால் போதும். ஸ்ட்ரிங் அப்படியல்ல. எழுத்துகள் ஹீப்பில் எங்கேயோ இருக்கின்றன. உங்க கையில் இருப்பது முகவரி, நீளம், கொள்ளளவு என்ற மூன்று தகவல்கள் மட்டும், 64 பிட் கணினியில் மொத்தம் 24 பைட். இந்த 24 பைட்டை மட்டும் நகல் எடுத்தால் இரண்டு பேர் ஒரே இடத்தைச் சொந்தம் கொண்டாடுவார்கள், வேலை முடிந்ததும் இரண்டு பேருமே அந்த இடத்தை விடுவிக்கப் போவார்கள், ஒரே மெமரியை இரண்டு முறை விடுவிக்கும் அந்தப் பழைய பேய் வந்து நிற்கும். ஒரே உரிமையாளர் என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. உரிமையாளரின் ஆயுள் முடியும் வரியில் மெமரி தானாக விடுபடுகிறது. குப்பை பொறுக்க ஒரு கார்பேஜ் கலெக்டர் பின்னால் ஓட வேண்டாம், 'ஃப்ரீ' என்று நீங்களும் எழுத வேண்டாம். இது எனக்குப் புரிந்த ராத்திரியில் நான் தூங்கவே இல்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டே கிடந்தேன்.

அடுத்தது இதைவிடப் பெரிசு, கெட்டியாகப் பிடிச்சுக்கோங்க. ஒரு வெக்டரில் விலைகளை அடுக்கி வைத்திருக்கீங்க. முதல் விலையை ஒரு ரெஃபரன்ஸாகக் கையில் பிடித்துக்கொண்டே வெக்டரின் கடைசியில் புதிதாக ஒன்றைச் சேர்க்குறீங்க. அப்புறம் அந்த முதல் விலையை அச்சிடுறீங்க. பார்க்க அப்பாவியான மூன்று வரி. கம்பைலர் கையை நீட்டி மறிக்கிறது, எண் 0502! கடைசியில்தானே சேர்க்கிறேன், முதல் விலைக்கு என்ன வந்தது என்று சண்டைக்குப் போகத் தோன்றும். இப்போது உள்ளே நடப்பதை மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்க. வெக்டரில் இடம் நிரம்பியிருக்கிறது, புதிதாக ஒன்று வருகிறது, அது பெரிய இடமாக வேறெங்கோ பார்த்து மொத்தப் பொருளையும் அங்கே தூக்கிக்கொண்டு போய்விடுகிறது, பழைய இடம் விடுவிக்கப்பட்டாயிற்று, உங்க கையில் இருக்கும் ரெஃபரன்ஸோ அந்தப் பழைய இடத்தையே காட்டிக்கொண்டு நிற்கிறது, அங்கே இப்போது யார் குடியிருக்கிறார்களோ எந்தக் குப்பை கிடக்கிறதோ தெரியாது, சி++ இதை ஒரு வார்த்தை பேசாமல் கம்பைல் செய்து கையில் கொடுத்துவிடும், உங்க கணினியில் சரியாக ஓடும், சோதிப்பவர் கணினியில் சரியாக ஓடும், வாடிக்கையாளர் கணினியில் மட்டும் மாசக் கடைசியில் விலை தப்பாக வரும், அதைத் தேடி நீங்க விடிய விடிய அலைவீங்க, அந்த அத்தனை அலைச்சலையும் இந்த மனுஷன், ஆமாம் நான் கம்பைலரை மனுஷன் என்றுதான் சொல்வேன், ஓடுவதற்கு முன்பே மூன்று கோடு போட்டுக் காட்டி முடித்துவிடுகிறார்! நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே ரகப் பக் ஒன்றை ஒரு குழுவே சேர்ந்து துரத்தியது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த நினைவோடு இந்த எர்ரரைப் பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

இப்போது சொல்லப் போவது தமிழ் படிக்கத் தெரிந்த நமக்கே நமக்கான விஷயம்.

ஸ்ட்ரிங்கின் முதல் எழுத்தை எடுக்க என்ன செய்வோம்? சதுர அடைப்பில் சுழியம் போடுவோம். ரஸ்ட் விடாது. ஸ்ட்ரிங்கை எண் கொடுத்துத் தொட முடியாது என்கிறது. ஆரம்பிப்பவர்கள் எல்லாரும் எரிச்சலோடு கேட்கும் கேள்வி இது: இத்தனை சாதாரண விஷயத்தைக்கூட ஏன் தடுக்கணும்? ஆங்கிலம் மட்டும் எழுதுபவருக்கு இதற்கான பதில் விளங்கக் கொஞ்சம் நேரம் ஆகலாம். நமக்கு ஒரு நிமிஷம் போதும். 'தமிழ்' என்று ஒரு ஸ்ட்ரிங் வைங்க. அதன் 'லென்' கேளுங்க. 15 என்று வரும். பதினைந்தா என்று பதறாதீங்க. ரஸ்ட்டின் ஸ்ட்ரிங் எப்போதும் யூ.டி.எஃப்-8, தமிழ் யூனிகோட் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், 'லென்' சொல்வது பைட் கணக்கு. அடுத்து 'சார்ஸ்' என்று பிரித்து எண்ணிப் பாருங்க. 5! த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. மூன்றாவதாக, யூனிகோட் செக்மென்டேஷன் என்ற கிரேட்டை, அதாவது ரஸ்ட் நூலகத்தை, சேர்த்து, கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாக எண்ணச் சொல்லுங்க. 3! த, மி, ழ். பாருங்க, ஒன்றாம் வகுப்புக் குழந்தை விரல் விட்டு எண்ணிச் சொல்லும் விடை! ஒரே சொல்லுக்கு மூன்று நீளம், மூன்றுமே உண்மை, எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்க என்று மரியாதையோடு கேட்கிறது இந்த மொழி. எத்தனை மென்பொருள்களில் தமிழ் எழுத்து உடைந்து, கொம்பு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம் என்று வட்டப் புள்ளிக் கோலத்தோடு தனியாகத் தொங்குவதைப் பார்த்து நொந்திருக்கிறோம்! 'தமிழ்' என்பதைக் குறி குறியாகத் தலைகீழாக்கினால் முதலில் வந்து நிற்பது அநாதையான ஒரு புள்ளி. ஒரு பைட்டே ஓர் எழுத்து என்ற எண்ணத்தில் எழுதிய கோட்களால் பட்ட பாடு இது. இந்த மொழியோ வாசலிலேயே அந்த எண்ணத்தைப் பிடித்து நிறுத்திவிடுகிறது.

இன்னும் கேளுங்க. பிடிவாதமாக, முதல் ஒரு பைட்டை மட்டும் வெட்டி எடு என்று எழுதினேன். கம்பைல் ஆனது, ஓடும்போது பட்டென்று நின்றது. என்ன சொல்லி நின்றது தெரியுமா? நீ வெட்டச் சொன்ன இடம் எழுத்தின் எல்லை அல்ல, அது 'த' என்ற எழுத்தின் உள்ளே இருக்கிறது, அந்த எழுத்து பூஜ்யத்தில் தொடங்கி 3-க்கு முன்பு முடியும் பைட்களில் கிடக்கிறது என்று! அந்த ஆங்கில வரிக்கு நடுவில், கறுப்புத் திரையில், என் 'த' முழுசாக, உடையாமல் நின்றுகொண்டிருந்தது. உங்களுக்குப் புரியுதா? அசம்பாவிதம் நடந்து புரோகிராம் சாகப் போகிற நேரத்திலும் 'த'வை வெட்டமாட்டேன் என்று நின்றது அது! நான் நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன், தண்ணீர் குடித்தேன், வந்து மறுபடி ஓட்டினேன், மறுபடி அதே 'த', மறுபடி அதே சந்தோஷம். போதாக்குறைக்கு 2021 ஜூனில் வந்த 1.53 பதிப்பிலிருந்து வேரியபிளுக்கே தமிழில் பெயர் வைக்கலாம். 'விலை' என்றே வைக்கலாம், 'அளவு' என்றே வைக்கலாம், 'விலை * அளவு' என்று பெருக்கலாம், எல்லாம் அப்படியே கம்பைல் ஆகும்! அலுவலகக் கோட்டில் வைக்க மாட்டீங்க, சரி. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை வைத்துப் பாருங்க.

காலியாக இருக்கக்கூடிய மதிப்பை என்ன செய்வது என்பது இன்னொரு அன்றாடக் கேள்வி. 1965-இல் நல் ரெஃபரன்ஸைப் புகுத்திய டோனி ஹோர், 2009-இல் மேடையேறி அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று சொன்னார். ரஸ்ட்டில் நாம் சாதாரணமாக எழுதும் கோட்டில் அது கிடையவே கிடையாது. இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றால் அதற்கு 'ஆப்ஷன்' என்ற ரகம். 'சம்' என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது, 'நன்' என்றால் இல்லை. 'மேட்ச்' எழுதும்போது இல்லாத பக்கத்தை நீங்க மறந்துபோனால், 'நன்' வந்தால் என்ன செய்வாய் என்று கம்பைலர் பெயர் சொல்லிக் கேட்கும். பிழை வரக்கூடிய வேலைகளுக்கு 'ரிசல்ட்'. அதை ஒவ்வொரு வரியிலும் பிரித்துப் பார்த்து அலுத்துப்போகாமல் இருக்க வரியின் கடைசியில் ஒற்றைக் கேள்விக்குறி போட்டால் போதும், சரியென்றால் மேலே போகும், பிழையென்றால் கூப்பிட்டவரிடமே திருப்பி அனுப்பும். இந்தக் கேள்விக்குறி 2016 நவம்பரில் வந்தது. ஒரு நிறுத்தக்குறியைப் பார்த்து மனசு இத்தனை குளிருமா என்று கேட்காதீங்க. குளிரும்!

வேகம் பற்றியும் எல்லாரும் கேட்பார்கள். "சி மாதிரி பறக்கும் என்றார்கள், என் புரோகிராம் நொண்டுகிறதே?" 'ரிலீஸ்' என்று சேர்த்து ஓட்டினீங்களா? சேர்க்காவிட்டால் அது டீபக் பில்ட், சோதிப்பதற்கானது. சேர்த்துப் பாருங்க, கம்பைலருக்கு அடியில் வேலை செய்யும் எல்.எல்.வி.எம். தன் மொத்த வித்தையையும் இறக்கும், முதல் தடவை ஓட்டும்போது விடை வந்துவிட்டதா வரவில்லையா என்றே சந்தேகம் வரும். டீபக் பில்டில் ஓர் அருமையான வசதியும் உண்டு. 255 வரை மட்டுமே பிடிக்கும் ஒரு பைட் எண்ணில் இன்னும் ஒன்றைக் கூட்டினால், வழிகிறது என்று கூவி அங்கேயே நின்றுவிடும். ரிலீஸில் அது சத்தமில்லாமல் சுழன்று பூஜ்யத்துக்கு வரும். வழிந்தால் என்ன செய்யணும் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் அதற்கென்றே தனித்தனிக் கூட்டல்கள் இருக்கின்றன. சுழன்று வருவதற்கு ஒன்று, உச்சத்தோடு நின்றுவிடுவதற்கு ஒன்று, வழிந்தால் 'நன்' தருவதற்கு ஒன்று. பெரிய புராஜெக்ட் கம்பைல் ஆகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், 'டார்கெட்' ஃபோல்டர் டிஸ்க்கில் நன்றாகவே இடம் பிடிக்கும், இருக்கட்டுமே, ஒரு காபி குடிச்சுட்டு வாங்க. எர்ரர் மட்டும் பார்க்கணும் என்றால் 'கார்கோ செக்' இருக்கிறது, அது சீக்கிரமே பதில் சொல்லிவிடும்.

த்ரெட்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். பலர் சேர்ந்து ஒரு மதிப்பைப் பிடித்துக்கொள்ள 'ஆர்சி' என்ற பெட்டி இருக்கிறது, எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு த்ரெட்டுக்குள் மட்டும் என்றால் அது போதும். அதை இன்னொரு த்ரெட்டுக்கு அனுப்பிப் பாருங்க, பாதுகாப்பாக அனுப்ப முடியாது என்று கம்பைல் ஆகும்போதே மறிக்கும். இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் அந்த எண்ணிக்கையைத் தொட்டால் கணக்கு பிசகிவிடும், அதனால் இடையில் யாரும் புக முடியாதபடி எண்ணும் 'ஆர்க்'குக்கு மாறணும், உள்ளே இருப்பதை மாற்றவும் வேண்டும் என்றால் 'மியூடெக்ஸ்' பூட்டும் போடணும். மற்ற இடங்களில் வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் பண்டிகை நாள் கூட்டத்தில் மட்டும் தலைகாட்டும் பக் இது! அதை இங்கே நம் மேசையிலேயே, டீ ஆறுவதற்குள் பிடித்துக் கொடுக்கிறார்கள்.

இதெல்லாம் ஒரு ரசிகனின் பிதற்றல் என்று நினைக்கிறவர்களுக்காகச் சில எண்கள். தங்கள் மென்பொருளில் ஒவ்வொரு வருஷமும் பதிவாகும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் மெமரித் தவறுகளால் வருபவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்னது. ஆண்ட்ராய்டில் அந்தப் பங்கு 2019-இல் 76 சதவீதமாக இருந்தது, புதிதாக எழுதும் கோட்டை ரஸ்ட் போன்ற பாதுகாப்பான மொழிகளுக்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள், 2024-இல் அது 24 சதவீதமாக இறங்கியது என்று கூகுள் சொல்கிறது. 2017 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 57-இல் பக்கங்களின் அலங்காரத்தைக் கணக்கிடும் எஞ்சினே ரஸ்ட், வேலையைப் பல கோர்களுக்குப் பங்கு போட்டு ஓடியது. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 கெர்னல் ரஸ்ட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கும் மேலாக சி மட்டுமே கோலோச்சிய அரண்மனை அது!

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்குறீங்களா? ஸ்டீவ் கிளாப்னிக்கும் கரோல் நிக்கோல்ஸும் எழுதிய ரஸ்ட் புத்தகம் இணையத்தில் இலவசம். இரண்டாம் அத்தியாயத்திலேயே எண்ணைக் கண்டுபிடிக்கும் ஒரு விளையாட்டை உங்க கையாலேயே எழுத வைத்துவிடுவார்கள். ரஸ்ட்லிங்ஸ் என்ற பயிற்சிகளில் வேண்டுமென்றே உடைத்து வைத்த சின்னச் சின்னக் கோட்கள் இருக்கும், கம்பைலரோடு பேசிப் பேசியே அவற்றைச் சரி செய்யணும். எதையும் நிறுவப் பொறுமை இல்லையா? ரஸ்ட் ப்ளேகிரவுண்ட் பிரவுசரிலேயே ஓடும்.

அங்கே போனதும் முதல் காரியமாக நான் சொல்வதைச் செய்யுங்க, கெஞ்சிக் கேட்கிறேன். கடன் வாங்கிய இரண்டு ஸ்ட்ரிங்குகளை எடுத்துக்கொண்டு, எது நீளமோ அதைத் திருப்பிக் கொடுக்கும் ஒரு ஃபங்ஷன் எழுதுங்க. 'முதல்', 'இரண்டு' என்று தமிழிலேயே பெயர் வைங்க. ரன் அமுக்குங்க. எண் 0106 வரும். திருப்பிக் கொடுப்பது கடன் வாங்கிய மதிப்பு என்கிறாய், ஆனால் அது 'முதல்' இடமிருந்து வாங்கியதா, 'இரண்டு' இடமிருந்து வாங்கியதா என்று சொல்லவே இல்லையே என்பதுதான் அந்தச் செய்தி. நீங்க வைத்த தமிழ்ப் பெயர்களை அப்படியே எடுத்துக்கொண்டு கேட்கும்! யார் எவ்வளவு காலம் உயிரோடு இருக்க வேண்டும் என்று குறித்துக் கொடுப்பதற்குப் பெயர் லைஃப்டைம், பலரும் பார்த்து மிரளும் அந்த ஒற்றை மேற்கோள் குறி அதுதான். அதை எங்கெங்கே போட வேண்டும் என்று கீழேயே உங்க வரியையே திருத்தி எழுதிக் காட்டியிருக்கும். அதை அப்படியே ஒட்டி மறுபடியும் ரன் அமுக்குங்க, அமுக்கிவிட்டு எனக்கு ஃபோன் போடுங்க, எந்த நேரமானாலும் பரவாயில்லை, நான் எடுப்பேன்!